ஊர் பேர் மட்டும் போதாது... ஆள் பேரும் வேணும்! சம்பந்திக்கு பர்கண்டி பாட்டில் வாங்கிய பாண்டிச்சேரி அப்பா

சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகப் போகும்போது என்ன வாங்கிப் போக வேண்டும் என்று பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்தவர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டு, பழம், பூ, ஸ்வீட் பாக்ஸ் என்று லிஸ்ட் ரெடியாக இருக்கும். ஆனால், சம்பந்தி ஆகப்போகிறவர் பிரெஞ்சுக்காரர், அதிலும் டிஜோன்காரர் என்றால்?

பாரிஸின் புறநகரில் 30 வருஷமாக இருக்கும் அந்த அப்பாவுக்கு வயது 58. தபால் துறையில் வேலை. குடிப்பழக்கம் கிடையாது. பொங்கலுக்குக் கரும்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒயின் கடைக்குள் மட்டும் அதுவரை கால் வைத்ததில்லை.

செப்டம்பரில் மகள் போன் செய்தாள். “அப்பா, அடுத்த மாசம் அவங்க வீட்ல ஞாயித்துக்கிழமை சாப்பாடு. நீங்களும் அம்மாவும் வரணும். வரும்போது ஒரு ஒயின் பாட்டில் வாங்கிடுங்க. அவரோட அப்பா பர்கண்டி தவிர வேற எதுவும் தொடமாட்டார்.” சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்று இரவு அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிற இடம். முதல் தடவையே ‘இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது’ என்று அவர்கள் நினைத்துவிட்டால்?

பிரான்ஸில் செப்டம்பர் வந்தால் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் திருவிழா. நம் ஊர் ஆடித் தள்ளுபடி மாதிரி கூட்டம் அள்ளும். அப்பாவும் போனார். முந்தைய நாள் ராத்திரி போனில் தேடிப் படித்ததில் ஒரு பெயர் மனதில் நின்றிருந்தது. ‘ஷாம்பர்த்தான்’. நெப்போலியனுக்குப் பிடித்த ஒயினாம். விலை பல நூறு யூரோ. அதே பெயர் போட்ட பாட்டில் அங்கே 39 யூரோவுக்கு இருந்தது! சட்டென்று எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டார்.

மகள் வீட்டுக்கு வந்தபோது பாட்டிலைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “அப்பா, இது ஷாம்பர்த்தான் இல்ல. ஜெவ்ரே-ஷாம்பர்த்தான்.”

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஜெவ்ரே என்பது ஊர். ஷாம்பர்த்தான் என்பது அந்த ஊரில் இருக்கும் ஒரு தோட்டம். தோட்டத்தின் புகழைப் பார்த்து, 1847-ல் ஊர்க்காரர்கள் அதன் பெயரைத் தங்கள் ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து ஊர்களும் பிறகு அதையே செய்தன. அதனால் லேபிளில் ‘ஷாம்பர்த்தான்’ என்று மட்டும் இருந்தால் அது உச்சத்தில் இருக்கும் ‘கிரான் க்ரூ’ வகை. ‘ஜெவ்ரே-ஷாம்பர்த்தான்’ என்று இருந்தால், அந்த ஊர் எல்லைக்குள் விளைந்தது என்று மட்டுமே அர்த்தம். பெயர் நீளமாக இருந்தால் பெரிய சரக்கு என்று நினைப்பது நம் பழக்கம். பர்கண்டியில் நேர் எதிர்!

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் வேலை முடிந்ததும், வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் சின்ன ஒயின் கடைக்குப் போனார். கடைக்கார மதாம் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மோசமில்லை மிசியே. ஆனால் லேபிளில் நீங்கள் ஊரை மட்டும் படித்திருக்கிறீர்கள்” என்றவர், “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டார். ‘தபால் ஆபீஸ்’ என்றதும் மதாமுக்கு ஒரே குஷி. “அப்புறம் என்ன? இதுவும் ஒரு முகவரிதான்!”

பர்கண்டி என்பது மாவட்டம் மாதிரி. லேபிளில் வெறும் ‘பூர்கோஞ்’ என்று இருந்தால் (பிரெஞ்சில் பர்கண்டியின் பெயர் அதுதான்), அந்தப் பகுதியில் எங்கே விளைந்த திராட்சையாகவும் இருக்கலாம். அடுத்த படி, ஊர்ப் பெயர். அதற்கும் மேலே, ஊர்ப் பெயரோடு தோட்டத்தின் பெயரும் சேர்ந்து ‘ப்ரீமியே க்ரூ’ என்று இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கிரான் க்ரூ. அங்கே ஊர்ப் பெயர்கூடத் தேவையில்லை, தோட்டத்தின் பெயரே போதும். சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார் திராட்சை, வெள்ளை என்றால் ஷார்தொனே. திராட்சை வகையைப் பொறுத்தவரை குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் மண்ணில்தான். நாம் பண்ருட்டிப் பலா என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வோம். அவர்களோ எந்தத் தோப்பு, தோப்பில் எந்த மூலை என்றுவரை போவார்கள். டிஜோனிலிருந்து தெற்கே நீளும் அந்தச் சரிவில், இப்படித் தனிப் பெயர் கொண்ட 1,247 தோட்டத் துண்டுகளை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

“எல்லாம் சரி மதாம், எதை வாங்கலாம்?”

“கடைசி வரியைப் படியுங்கள். முகவரியில் ஆள் பெயர் இல்லாமல் கடிதம் போய்ச் சேருமா?”

ஆள் பெயர் என்று மதாம் சொன்னது, அந்த ஒயினைச் செய்தவரின் பெயரை. லேபிளின் அடியில், சின்ன எழுத்தில் இருக்கும். ‘தோட்டத்திலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டது’ என்று பிரெஞ்சில் ஒரு வரி இருந்தால், திராட்சையை வளர்த்தவரும் ஒயின் செய்தவரும் ஒரே ஆள். இல்லையென்றால், பல விவசாயிகளிடம் வாங்கித் தன் பெயரில் விற்கும் ‘நெகோசியான்’ என்ற வியாபாரியாக இருக்கலாம். அவர்களிலும் நல்ல பெயர் எடுத்தவர்கள் உண்டு. ஆனால், யார் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

ஆள் பெயருக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? டிஜோன் போன பிறகுதான் அப்பாவுக்கு அது புரிந்தது.

அக்டோபர் சனிக்கிழமை. சாப்பாட்டுக்கு முந்தைய நாள். அம்மா ஹோட்டலில் ஓய்வெடுக்க, அப்பாவும் மகளும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். இலைகள் பொன் நிறத்துக்கு மாறியிருந்த நேரம். வலப்பக்கம் சரிவில் விலை உயர்ந்த தோட்டங்கள், இடப்பக்கம் சமதளத்தில் பெரும்பாலும் சாதாரண ரகம். நடுவே ஒரு ரோடு. அவ்வளவுதான் வித்தியாசம்!

வூஜோ என்ற ஊரில் காரை நிறுத்தினார்கள். சுற்றிலும் கல் மதில் எழுப்பிய ஒரே தோட்டம், க்ளோ த வூஜோ. சுமார் 50 ஹெக்டேர். 12-ம் நூற்றாண்டிலிருந்து சிஸ்டர்சியன் துறவிகள் வளர்த்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசு பறிமுதல் செய்து விற்றது. பிறகு கை மாறி, பாகம் பிரிந்து, இன்றைக்கு இந்த ஒரு தோட்டத்துக்கு ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். மேட்டில் வடிகால் நன்றாக உள்ள மண்ணும் க்ளோ த வூஜோதான், ரோட்டோரம் ஈரம் தேங்கும் மண்ணும் க்ளோ த வூஜோதான். பாட்டிலில் எல்லோரும் ஒரே பெயரைத்தான் போடுவார்கள். ஒருவர் உயிரைக் கொடுத்துச் செய்வார். இன்னொருவர் பெயரை வைத்தே பிழைப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

பாகப்பிரிவினை என்றதும் அப்பா சிரித்துவிட்டார். 1804-ல் வந்த நெப்போலியன் சட்டம், சொத்தை ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிக்கச் சொன்னது. பிரெஞ்சிந்தியாவில் 1881-ல் ஒரு ஆணை வந்தபோது, சிலர் தங்கள் மரபுச் சட்டத்தை விட்டுக்கொடுத்து அந்தப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறிக் கையெழுத்துப் போட்டார்கள். ‘ரெனோன்சான்’ என்று பாண்டிச்சேரியில் சொல்வார்கள். அப்பாவின் குடும்பமும் அதில் ஒன்று. தாத்தா வீடு ஏழு பிள்ளைகளுக்குப் பிரிந்து, பேரன் பேத்திகளுக்கு மறுபடி பிரிந்து, கடைசியில் இவர் பங்குக்கு வந்தது மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை!

பெயரை மட்டும் நம்பி ஏமாறுவது ஏழைகள் மட்டுமில்லை. 2008 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரு ஏலம். பர்கண்டியின் போன்சோ குடும்பத்தார் செய்ததாகச் சொல்லி, 1945 முதல் 1971 வரை ஆண்டு குறித்த க்ளோ சேன்-தெனி பாட்டில்கள் ஏலத்துக்கு வந்தன. லோரான் போன்சோ விமானம் ஏறி நேரில் போய் அவற்றைத் திரும்பப் பெற வைத்தார். காரணம் எளிது. அவர் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான்! அந்தப் பாட்டில்களைக் கொடுத்த ருடி குர்னியவான் 2012-ல் கைதானார். 2013-ல் குற்றவாளி எனத் தீர்ப்பு, 2014-ல் பத்து ஆண்டு சிறை. கோடீஸ்வரர்கள் லேபிளைப் பார்த்தார்கள். லேபிளில் இருந்த ஊரும் ஆளும் ஆண்டும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை.

திரும்பும் வழியில், கடைக்கார மதாம் எழுதிக்கொடுத்த விலாசத்துக்குப் போனார்கள். டிஜோனை ஒட்டிய மர்சனே. ஷாம்பர்த்தான் மாதிரி பெயர் பெற்ற ஊர் இல்லை. கிரான் க்ரூ எதுவும் இல்லை. அதனால் விலையும் அடக்கம். ‘பெரிய ஊரின் சுமாரான பாட்டிலைவிட, சின்ன ஊரில் நல்ல கை செய்த பாட்டில் மேல்’ என்பது மதாமின் கட்சி. மர்சனே, சவினி, ஜிவ்ரி, மெர்க்குரே என்று நாலைந்து ஊர்ப் பெயர்களையும் குறித்துக் கொடுத்திருந்தார்.

முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போனதால் கதவு திறந்தது. இந்தச் சின்னத் தோட்டக்காரர்கள் கடை வைத்திருப்பதில்லை. சொல்லாமல் போனால் வயலில் இருப்பார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி, மண் ஒட்டிய பூட்ஸ். நிலவறைக்குக் கூட்டிப்போனார். நாலு பிள்ளைகளில் அவர் மூன்றாவது. நல்ல துண்டு ஒன்றில் அவர் பங்கு பதினோரு வரிசை கொடி. பக்கத்து வரிசை அண்ணனுடையது. அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை.

“எங்க ஊர்லயும் இதே சட்டம்தான் மதாம்” என்று மாடிப்படி அறைக் கதையை அப்பா சொல்ல, அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு 2021 ஏப்ரல் பனியைப் பற்றிச் சொன்னார். துளிர்விட்ட கொடிகள் கருகாமல் இருக்க வரிசைக்கு நடுவே மெழுகுத் தீ மூட்டி ராத்திரியெல்லாம் உட்கார்ந்தார்களாம். அப்படியும் பெரும்பகுதி போய்விட்டது. அதனால்தான் அந்த வருஷத்துப் பாட்டில்கள் குறைவு. 2022-ல் தோட்டம் நன்றாகவே கொடுத்தது. வருஷத்தையும் பார்த்து வாங்க வேண்டும் என்பது அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது.

2022-ம் வருஷப் பாட்டில் ஒன்று, 28 யூரோ. சூப்பர் மார்க்கெட் பாட்டிலைவிட 11 யூரோ குறைவு. பின் லேபிளில் கர்ப்பிணிப் பெண்ணின் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்ட எச்சரிக்கை. பிரான்ஸில் 2007-லிருந்து கட்டாயம். “இது ஒண்ணுதான்மா எனக்கு யாரும் சொல்லாமலே புரிஞ்சுது” என்றார் மகளிடம்.

ஞாயிறு மதியம். சம்பந்தி பாட்டிலைக் கையில் வாங்கினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ‘மர்சனே’ என்ற பெரிய எழுத்தை ஒரு நொடி பார்த்தார். கண் நேராகக் கீழே போனது, சின்ன எழுத்துக்கு.

“இவர் யார்? எனக்குத் தெரியாதே.”

அப்பாவுக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இவரையே பார்த்தார். மகள் வாயைத் திறக்கப்போனாள். அதற்குள் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார். 30 வருஷத்துப் பாண்டிச்சேரி பிரெஞ்சில், பதினோரு வரிசை, பேசாத அண்ணன், மெழுகுத் தீ, மண் ஒட்டிய பூட்ஸ் எல்லாம். முத்தியால்பேட்டை மாடிப்படி அறையும் நடுவில் வந்துவிட்டது. சம்பந்தி பாட்டிலைத் திறக்கவே மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் திறந்தார்.

அப்பா தண்ணீர்தான் குடித்தார். மருமகனாகப் போகிறவன் தன் கிளாஸை நீட்டி, “வாசனை மட்டும் பாருங்க” என்றான். செர்ரிப் பழம், மழை பெய்த மண். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

சம்பந்தி ரெண்டு வாய் குடித்துவிட்டு எழுந்துபோய், பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும் எடுத்து வந்தார். “டிஜோனிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். பக்கத்து ஊரில் இவர் இருப்பது எனக்குத் தெரியவில்லை. விலாசம் இருக்கிறதா?”

அப்பா பேனாவை வாங்கி எழுதினார். பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் உட்பட.