வெறுங்கையோடு போகாத பெருநாள்

பெருநாளன்று யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஒரு தட்டில் நாலு பலகாரமாவது மூடி எடுத்துக்கொண்டுதான் படியேற வேண்டும். கையில் காசு புழங்கும் காலத்தில் இது ஒரு சந்தோஷம். காசில்லாத காலத்தில் இதே வழக்கம் ராத்தூக்கத்தைக் கெடுத்துவிடும். 2022ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள் எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் வந்தது.

அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் மாதம் 400 கிராம் பால்மா 790 ரூபாவானது. அந்த மாதக் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. மேல் மாகாணத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். ஏப்ரல் 3இல் முதல் நோன்பு, மே 3இல் பெருநாள். இரண்டுக்கும் இடையில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் கொழும்பு விலையில் 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்காவது வாங்கச் சிலிண்டர் இருந்ததா என்பது வேறு கதை.

எங்கள் ஊர் மருதமுனை. கைத்தறிச் சாரனுக்கும் சாரிக்கும் பேர்போன ஊர். எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்று மூத்தவாப்பா விட்டுப்போனது, மற்றது வாப்பா வாங்கியது. கைத்தறிக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் நூல் வேண்டும், சாயம் வேண்டும். இரண்டும் கடல் கடந்து வருபவை. டொலர் இல்லாத நாட்டுக்கு அவை எப்படி வந்து சேரும்? மற்ற வருடங்களில் நோன்பு மாதம் என்றால் தராவீஹ் முடிந்த பிறகும் தறிச் சத்தம் கேட்கும். அந்த வருடம் ஒரு தறி சும்மா நின்றது. மற்றதில் வாப்பா இருந்த நூலை எண்ணி எண்ணி நெய்தார்.

உம்மாவுக்குப் பெரிய கவலை பெரியம்மாவைப் பற்றியது. பெரியம்மா கல்முனையில் ஆசிரியை. வருடா வருடம் எங்கள் நாலு பேருக்கும் பெருநாள் உடுப்புத் துணி அவர்தான் அனுப்புவார். அந்த வருடமும் பத்தாம் நோன்புக்குள் பொதி வந்துவிட்டது. “இதுக்குப் பதிலா நாம என்னத்தக் கொண்டு போற?” என்று உம்மா இஃப்தாருக்குக் கஞ்சி கிண்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அது எங்களிடம் கேட்ட கேள்வி இல்லை.

அப்போது நான் கைபேசியில் ‘வீட்டில் செய்யும் பரிசுகள்’ என்று தேடிப் பார்த்தேன். வந்தவை எல்லாம் அழகுதான். ஆனால் ஒன்றுக்கு மினுக்கு மணி வேண்டும், இன்னொன்றுக்குச் சூடாக்கிய பசை வேண்டும், மற்றதற்குப் பட்டு நாடா வேண்டும். எல்லாவற்றையும் கடையில் வாங்கி வீட்டில் ஒட்டினால் கடைப் பரிசைவிடக் கூடத்தான் முடியும். அதோடு, செய்து முடித்ததை அலுமாரியில் வைத்துத் தூசு தட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. வீட்டில் செய்தால் மலிவு என்கிறோம். வீட்டில் ஏற்கெனவே கிடக்கிற பொருளில் செய்தால்தான் அது மலிவு.

எங்கள் வீட்டில் கிடந்தது துணித் துண்டும் நூலும். ஒரு பாவு முடியும்போது கடைசி முழம் அளவுக்கு நூல் நெய்ய முடியாமல் மிஞ்சும். அதை அறுத்து ஒரு பெட்டியில் போடுவார்கள். சாயம் சரியாக ஏறாத துணியும், ஓரம் பிசகிய சாரன் துண்டும் அதற்குப் பக்கத்தில் கிடக்கும். அந்தப் பெட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தபோதுதான் பெரியம்மா பள்ளிக்கூடத்துக்குத் தொழுகை உடுப்பை ஒரு சொப்பிங் பேக்கில் சுருட்டி எடுத்துப்போவது நினைவுக்கு வந்தது. கைபிடி அறுந்து முடிச்சுப் போட்ட பேக். அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அரை யார் அளவில் கரும்பச்சைக் கட்டத் துணி ஒன்று கிடைத்தது. இரண்டாக மடித்து இரு பக்கமும் தைத்து, வாயில் ஓர் அங்குலம் மடித்துவிட்டு, மிஞ்சிய பாவு நூலை மூன்று புரியாகப் பின்னிக் கயிறாகக் கோர்த்தேன். கால் மெஷின் என்பதால் மின்வெட்டு எனக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு தம்பி பக்கத்தில் நின்றான். உள்ளே தஸ்பீஹ் வைக்கவென்று ஒரு சின்னப் பொக்கெட்டும் வைத்தேன்.

உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“தறிக் கழிவுல தைச்சதயா அவக்குக் குடுக்கப் போற? என்ன நினைப்பா?”

“அவ என்னத்த நினைக்கிற?” என்றார் மூத்தம்மா. “இந்தத் தறிச் சத்தத்துக்குள்ள பொறந்து வளந்த புள்ளதானே அவவும்.”

உம்மா பேசாமல் போய்விட்டார். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் உம்மாவின் பயம் சும்மா வந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். இல்லாதவர் கொடுப்பதை இருப்பவர் எந்த முகத்தோடு வாங்குவார் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எங்கள் இஸ்லாம் பாட ஆசிரியை ஒருமுறை விளக்கியது ஞாபகம் வந்தது. அண்டை வீட்டுக்காரி கொடுப்பது ஓர் ஆட்டுக் குளம்பாக இருந்தாலும் அதை அற்பமாக எண்ணக் கூடாது என்று நபியவர்கள் (ஸல்) பெண்களை அழைத்தே சொல்லியிருக்கிறார்கள். இது வாங்குகிறவளுக்கு மட்டுமல்ல, ‘இவ்வளவுதானா’ என்று வெட்கப்பட்டுக் கொடுக்காமல் இருந்துவிடுகிறவளுக்கும் பொருந்தும் என்றார் ஆசிரியை.

மூத்தம்மாவின் பங்கு தேசிக்காய் ஊறுகாய். அதற்குக் கேஸ் வேண்டாம், வெயில் போதும். சித்திரை வெயில் எங்கள் ஊரில் தாராளம். தேசிக்காயை அடி விடாமல் நாலாகக் கீறி, உள்ளே உப்பை அடைத்து, மண்சட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்து, பிறகு சுளகில் பரப்பிக் காயவிடுவார். தோல் சுருங்கி மண்ணிறமாகும்வரை காய வேண்டும். பிறகு மிளகாய்த் தூள், உள்ளி, கடுகு, வினாகிரி. நோன்பின் முதல் கிழமையில் தொடங்கினால் பெருநாளுக்குப் பதமாக இருக்கும். ஒரு சிக்கல், பகலில் உப்புப் பார்க்க முடியாது. மூத்தம்மா மஃரிபுக்குப் பிறகு பேரீச்சம்பழத்துக்கு அடுத்ததாக ஊறுகாயைத்தான் நாக்கில் வைத்தார். வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்த ஜாம் போத்தல்களில் அடைத்தோம். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் போத்தல்களை இரண்டு நாள் காயவிட்டார்.

வாப்பாவுக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தறிப் பலகையில் மணிக்கணக்கில் இருந்து இருந்து அவருக்கு இடுப்பு வலி. பழைய சாரன் துணியில் உறை தைத்து, பிய்ந்த நூல்களை உள்ளே திணித்து, இடையிடையே குத்தித் தைத்து ஒரு மெத்தை செய்தோம். நூல் ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்கத்தான் அந்தக் குத்துத் தையல். பெருநாள் இரவு தறியில் போட்டுவிட்டோம். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெருநாள் உடுப்போடு போய்த் தறியில் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வந்தார்.

இனி என் தோழியைப் பற்றி. அவளது வாப்பா கடலுக்குப் போகிறவர். எண்ணெய் இல்லாமல் படகு கரையில் கிடந்தது. அவர்கள் வீட்டில் அந்த வருடம் யாருக்கும் புது உடுப்பு இல்லை. பொருளாக எதைக் கொண்டுபோனாலும் அது ஸதகா போல ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. சிநேகிதிக்கு ஸதகா கொடுத்துவிட்டு மறுநாள் வகுப்பில் பக்கத்தில் இருப்பது லேசான காரியமில்லை. அதனால் மருதோன்றி கொண்டு போனேன். எங்கள் வேலியில் நிற்கிற மரத்தில் அஸருக்குப் பிறகு இலை ஆய்ந்து, தேயிலைச் சாயமும் தேசிக்காய்ப் புளியும் விட்டு அம்மியில் அரைத்து ஒரு கோப்பை நிறைய. கடையில் விற்கும் கறுப்பு மருதோன்றி சிலவற்றில் தலைமுடிக்குப் பூசும் சாயப் பொருள் கலந்திருக்கும், அது தோலைப் புண்ணாக்கிவிடும். பத்து நிமிடத்தில் கறுக்கும் எதையும் சின்னப்பிள்ளைகளின் கையில் பூசாதீர்கள். இலைக்கு ஓர் இரவு வேண்டும்.

அன்று இரவும் மின்சாரம் இல்லை. அவளுக்கும் மூன்று தங்கச்சிமாருக்கும் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நான் வைத்துவிட்டேன். எனக்கு அவள் வைத்துவிட்டாள். பெரிய கோலம் எதுவும் எனக்கு வராது. உள்ளங்கையில் ஒரு நிலா, சுற்றிப் புள்ளி, விரல் நுனிக்குத் தொப்பி, அவ்வளவுதான். பெருநாள் காலையில் அவள் வாசலில் நின்று கையை விரித்துக் காட்டினாள். “உடுப்பு பழசு எண்டாலும் கை புதுசு” என்றாள். இருவரும் சிரித்தோம். அவளது உம்மா எனக்கு ஒரு கிண்ணத்தில் சவ்வரிசிக் கஞ்சி தந்தார். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் அந்தப் பெருநாள் கணக்கு சரியாகப் போயிற்று.

பகல் கல்முனைக்குப் போனோம். உம்மா பையைக் கொடுக்கும்போது, “சின்னவள் தைச்சது, சும்மா ஒரு இதுக்கு” என்று இழுத்தார். பெரியம்மா பையை விரித்தார். துணியை விரலால் தடவிப் பார்த்தார்.

“இது வாப்பாட தறியில நெஞ்சதா?”

“ஓ, பழைய தறியிலதான்” என்றேன்.

அவர் உள்ளே போய்த் தொழுகை உடுப்பை எடுத்து வந்து எங்கள் முன்னாலேயே மடித்துப் பையில் வைத்தார். கயிற்றை இழுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். ஊறுகாய்ப் போத்தலை மட்டும் யாருக்கும் காட்டாமல் கொண்டுபோய்க் குசினி அலுமாரியின் மேல்தட்டில் வைத்ததை நான் பார்த்தேன். அவரது மகன்மார் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள் என்ற பயம்.

இப்போது இரண்டு தறியும் ஓடுகின்றன. நூல் விலை இறங்கவில்லை, ஆனால் நூல் கிடைக்கிறது. இந்த வருடம் பெருநாளுக்கு உம்மா கடையில் ஏதாவது நல்லதாக வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலைநோன்பு பிடித்த மறுநாள் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு பொதி வந்தது. பிரித்துப் பார்த்தால் ஜாம் போத்தல்கள் ஐந்து. கழுவிக் காயவைத்து, மூடியும் போட்டு அனுப்பியிருந்தார்.