மூன்றாவது முடிவிடம்

மின்சாரத்தைப் பாதி அறிந்தவன் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுகிறான். அஞ்ச வேண்டிய இடத்தில் துணிகிறான். பௌதிகவியல் ஆய்வுகூடத்திற் புதிதாகக் கால்வைத்த மாணவன் ஒருவன் ஒரே பிற்பகலில் இவ்விரு பிழைகளையும் செய்துவிடக்கூடும்.

அவன் முன்னே நேரோட்ட வலு வழங்கி ஒன்று இருக்கிறது. அதன் முகப்பிலே மூன்று முடிவிடங்கள்: சிவப்பு நேர், கறுப்பு மறை, பச்சை புவி. சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 12 உவோற்று. கறுப்பையும் பச்சையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைக்குமாறு பணிக்கப்படுகிறான். கை தயங்குகிறது.

"எரிஞ்சு போகாதோ, சேர்?"

"எரியிறதெண்டால் ஓட்டம் எந்த வழியாலே போய், எந்த வழியாலே திரும்பும்? அதைச் சொல்லும்."

திரும்பும் வழி இல்லை. கருவியினுள்ளே உள்ள நிலைமாற்றியின் துணைச் சுருள், சுவரிலிருந்து வரும் மின்னோடு உலோகத் தொடர்பு எதுவுமின்றி நிற்கிறது. இதனாலேயே அதனை மிதக்கும் வழங்கி என்கின்றனர். அதன் இரு முடிவிடங்களும் தம்மிடையேயுள்ள வித்தியாசத்தை மட்டுமே அறியும், புவியை அறியா. ஒரே ஒரு கம்பியால் அதனைப் புவியோடு பிணைத்தாற் சுற்று மூடுவதில்லை. அக்கம்பியில் அம்பியர்மானியை இட்டுப் பார்த்தான், முள் அசையவில்லை.

ஓட்டம் இல்லையெனில் இணைப்பு எதற்கு? பிதுருதலாகல மலையின் உயரம் 2,524 மீற்றர் என்கிறோம். அது கடல் மட்டத்திலிருந்து அளந்த அளவு. மலையடிவாரத்திலிருந்து அளந்தால் எண் குறையும், மலை குறைவதில்லை. அவ்வாறே கறுப்பைப் புவியோடு இணைத்தாற் சிவப்பு +12 உவோற்று ஆகிறது; சிவப்பை இணைத்தாற் கறுப்பு −12 ஆகிறது. இரண்டும் முறையானவையே. தொலைபேசி நிலையங்களின் 48 உவோற்று மின்கல அடுக்குகளில் நேர் முடிவிடத்தையே புவியோடு இணைப்பது வழக்கம். ஈரநிலத்தில் ஓட்டம் கசியும்போது செப்புக் கம்பிகள் அரிக்கப்படாதிருக்க அவ்வேற்பாடு உதவுகிறது.

காப்பும் இதிலே அடங்கியுள்ளது. சுருள்களிடையேயுள்ள காவலி பழுதடைந்தால், மிதக்கும் முடிவிடம் 230 உவோற்று வரை ஓசையின்றி உயர்ந்து, தொடுபவருக்காகக் காத்திருக்கும். புவியோடு இணைக்கப்பட்டிருந்தாற் பெரும் ஓட்டம் பாய்ந்து உருகி அறும். பழுது தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும்.

இவ்வளவும் விளங்கியதும் மாணவனுக்குத் துணிவு பிறந்தது. அலைவுகாட்டியை எடுத்து, அதன் கறுப்புக் கவ்வியைச் சிவப்பு முடிவிடத்தில் மாட்டினான். வழங்கியின் ஓட்ட எல்லை விளக்கு ஒளிர்ந்தது. அழுத்தம் பூச்சியத்துக்கு வீழ்ந்தது. அக்கவ்வி அலைவுகாட்டியின் உள்ளேயே புவியோடு பிணைக்கப்பட்டிருப்பதை அவன் அறிந்திருக்கவில்லை. முதற் கம்பி ஒரு வழியை அமைத்திருந்தது. இரண்டாவது, அவன் அறியாமலே, திரும்பும் வழியை அமைத்துவிட்டது. குறுஞ்சுற்று நிகழ்ந்தது. நல்ல வேளையாகக் கருவி தன்னைக் காத்துக்கொண்டது.

பூச்சியம் இயற்கை குறித்துவைத்த இடமன்று. மனிதர் தம் வசதிக்காகத் தெரிந்துகொள்ளும் இடம். தெரிந்துகொள்வதிலே தவறில்லை. ஒருவர் ஓரிடத்தையும் மற்றவர் வேறோரிடத்தையும் பூச்சியமாக வைத்துக்கொண்டு, அதைச் சொல்லாமலே இணைய முற்படும்போதுதான் தீங்கு விளைகிறது. நமது விவாத மேடைகளில் எழும் தீப்பொறிகளுட் பலவும் இத்தகையனவே. அங்கே இருவரும் தத்தம் அளவைச் சரியாகவே அளந்திருப்பர். எங்கிருந்து அளந்தனர் என்பதை ஒருவரும் மற்றவரிடம் கேட்டிருக்க மாட்டார்.

அடுத்த வாரம் அம்மாணவன் கம்பியைக் கையிலெடுக்குமுன் ஒவ்வொரு கருவியின் பின்புறத்தையும் பார்த்தான். பின்னர் கொப்பியிலே சுற்றை வரைந்து, புவிக் குறியை ஒரே ஓரிடத்தில் இட்டான்.