கோடு இறுகும் முன்

தென்சென்னையில் அது ஒரு சின்ன கட்டடக்கலை அலுவலகம். நடத்துகிறவர் இளம் பெண் ஆர்க்கிடெக்ட். உடன் இரண்டு ஜூனியர்களும், அறுபதை நெருங்கும் ஒரு டிராஃப்ட்ஸ்மேனும். வேளச்சேரியில் ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2,400 சதுர அடி. அதில் ஓய்வுபெற்ற தம்பதிக்கும் மகன் குடும்பத்துக்கும் வீடு. அந்த வீடு இன்னும் யோசனையாக மட்டுமே இருக்கிற கட்டத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

வீடு மனையில் எங்கே உட்காரும், ரோட்டிலிருந்து எவ்வளவு உயரம், மாடிப்படி எந்த மூலை, ஜன்னல் எந்தத் திசை என்பதெல்லாம் முதல் சில வாரங்களிலேயே முடிவாகிவிடுகின்றன. டைல்ஸும் பெயின்ட்டும் எப்போது வேண்டுமானாலும் மாறும். இவை மாறாது. அந்தக் குடும்பம் அங்கே வாழப்போகும் காலம் முழுக்க இந்த முடிவுகளோடுதான் வாழ வேண்டும்.

டிராஃப்ட்ஸ்மேன் டிராயிங் போர்டு காலத்தில் தொழிலுக்கு வந்தவர். ட்ரேசிங் ஷீட்டில் ரோட்ரிங் பேனாவால் கோடு இழுக்க வேண்டும். தப்பினால் தாள் கிழியாமல் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். பிரின்ட் எடுக்கும் அறையில் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். "ஆட்டோகேட் வந்தப்ப எங்க பொழப்பு போச்சுன்னு பயந்தோம். ஆனா சார் பட்டர் பேப்பர்ல பென்சில்ல போட்டுக் கொடுக்கிறதத்தான் நாங்க கம்ப்யூட்டர்ல ஏத்தினோம். யோசனை பென்சில்லதான் இருந்துச்சு. இப்ப யோசனையே உள்ள போயிடுச்சு" என்றார்.

அவர் சொன்னதற்குள் ஒரு வரலாறே இருக்கிறது. 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலில் திரையிலேயே கோடு வரைந்து காட்டினார். 1982இல் ஆட்டோகேட் வந்தது. நம் ஊர் அலுவலகங்களில் அது எடுத்துக்கொண்டது, எடுத்த முடிவைத் துல்லியமாக வரையும் வேலையை. 2000இல் ஸ்கெட்ச்அப், ரெவிட் என்ற 3டி மாடல் மென்பொருள்கள் வந்தன. போகப்போகச் சின்ன அலுவலகங்களிலும் முதல் யோசனையே திரையில் பிறக்கத் தொடங்கியது. ரெவிட்டில் ஒரு சுவர் வரையப் போனாலே அது எந்த வகைச் சுவர், எத்தனை அங்குலம் கனம் என்பது முதலில் முடிவாகியிருக்க வேண்டும். சமையலறை எந்தப் பக்கம் என்றே தெரியாத நேரத்தில் ஒன்பது அங்குலமா, நாலரை அங்குலமா என்று தீர்மானிக்கச் சொல்கிறது கருவி.

அதே கருவி கண்ணைத் திறந்துவிடுவதையும் அங்கே பார்த்தேன். வடக்குப் பக்கம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வேண்டும் என்று மகன் கேட்டிருந்தார். வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்பது பலரும் நம்புகிற விதி. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில்தான் திரும்புகிறது. ஆர்க்கிடெக்ட் மாடலில் மனையின் இடத்தையும் ஜூன் 21 என்ற தேதியையும் கொடுத்து நேரத்தை நகர்த்தினார். காலை ஏழு மணிக்கு வடகிழக்கிலிருந்து வெயில் அந்தக் கண்ணாடி வழியாக ஹாலுக்குள் நீண்டு கிடந்தது. நண்பகலில் சூரியன் பத்து டிகிரி வடக்கே சாய்ந்து நின்றது. மாலையில் வடமேற்கிலிருந்து மறுபடி உள்ளே வந்தது.

"மேல சன்ஷேட் போட்டா போதாதா?" என்று மகன் கேட்டார். ஆர்க்கிடெக்ட் சன்ஷேடை இரண்டடி நீட்டிக் காட்டினார். மத்தியான வெயில் நின்றது. காலை, மாலை வெயில் தாழ்வாக வருவதால் அடியில் புகுந்துகொண்டது. ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்தாகச் சின்னச் சுவர் நீட்டியதும் அதுவும் பெரும்பாலும் மறைந்தது. கண்ணாடியைப் பாதியாகக் குறைக்க மகனே சம்மதித்தார். காகிதத்தில் கணக்குப் போட்டு இதை நம்ப வைத்திருக்க முடியுமா என்பது சந்தேகம். கேள்வியோடு போனவருக்குக் கருவி கண்ணெதிரே பதில் காட்டியது.

அதே குடும்பம் இன்னொரு நாள் 3டி படத்தைப் பார்க்க வந்தது. முந்தைய சந்திப்பில் பட்டர் பேப்பரில் கிறுக்கலாக இருந்த பிளானைப் பார்த்தபோது, வீட்டம்மா பென்சிலைக் கையில் வாங்கி, "ஏம்மா, கிரைண்டர் எங்க வைப்பேன்? பாத்திரம் கழுவுற தண்ணி எங்க போகும்?" என்று கேட்டு, சமையலறைக்குப் பின்னால் தானே ஒரு கட்டம் போட்டார். அந்தக் கட்டம்தான் பிளானில் இப்போது யூட்டிலிட்டியாக இருக்கிறது. இந்த முறை திரையில் மர நிழல், மாலை வெளிச்சம், போர்டிகோவில் கார் எல்லாம் சேர்ந்து வீடு கட்டி முடிந்ததுபோலவே இருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். பேச்சு எலிவேஷன் நிறத்துக்குப் போய் அங்கேயே நின்றது. மாடிப்படி திரும்பும் இடம் குறுகலாக இருந்ததை யாரும் கேட்கவில்லை.

ஆர்க்கிடெக்டுக்கு அது உறைத்தது. படத்தை மூடிவிட்டு, நிறமும் நிழலும் இல்லாத வெள்ளை மாடலைத் திறந்தார். கூரையைக் கழற்றி மேலிருந்து காட்டினார். உடனே பெரியவர், "இந்தத் திருப்பத்துல பீரோ ஏறுமா?" என்றார்.

முடிந்ததுபோல் தெரிகிற படத்தின் முன்னால் பேச வேண்டியவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். இதுதான் என் கவலை. இப்போது நாலு வார்த்தை தட்டினால் செயற்கை நுண்ணறிவு ஒரு வீட்டின் முகப்பைப் போட்டுக் கொடுக்கிறது. அதற்குப் பின்னால் பிளான் இல்லை, தூண் எங்கே நிற்கும் என்ற யோசனை இல்லை. அதைக் கைப்பேசியில் கொண்டுவந்து, "இதேபோல வேணும்" என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள் என்றார் ஜூனியர். இதற்கு நேர்மாறான முன்னுதாரணமும் உண்டு. கணினிக் கட்டடக்கலையின் அடையாளமாகச் சொல்லப்படும் ஸ்பெயினின் பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஃபிராங்க் கெரி, கையால் செய்த மாடல்களில்தான் உருவத்தைத் தேடினார். விமானத் தொழிலுக்காக உருவான கேட்டியா மென்பொருள், தேடிக் கண்டடைந்த உருவத்தைக் கட்டக்கூடியதாக மாற்றியது.

பிறகு மனைக்குப் போனோம். மென்பொருளில் புதிய கோப்பைத் திறந்தால் தரை மட்டமாகத்தான் வரும். மேடு பள்ளத்தை நாம்தான் சேர்க்க வேண்டும். மேஸ்திரி டியூப் லெவல் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். உள்ளே காற்றுக் குமிழி இல்லாதபடி தட்டித் தட்டி வெளியேற்றினார். ஒரு முனையை ரோட்டோரம் சித்தாள் பிடித்துக்கொள்ள, மறுமுனையோடு பின்மூலைக்கு நடந்தார். இரண்டு முனையிலும் தண்ணீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளந்தார். மனையின் பின்பக்கம் தாழ்ந்திருந்தது.

"மேடம், 2015ல எதிர் வீட்டு ஜன்னல் கட்டை வரைக்கும் தண்ணி நின்னுச்சு. 2023லயும் உள்ள வந்துச்சு. ரோடு வேற போடப்போட ஏறிட்டே போகுது. வீட்டுத் தரை ரோட்டுக்கு மேல ஒன்றரை அடி பத்தாது, மூணு அடியாவது வேணும்" என்றார். பெரியவருக்கு முழங்கால் வலி, வாசலில் சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான பொதுவான அளவு. ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி போதும். மூன்று அடிக்கு 36 அடி. மனையே அறுபது அடி ஆழம்தான். சாய்தளத்தை மடக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. வாசல் நகர்ந்தது, கார் நிற்கும் இடம் மாறியது. கயிறு கட்டிச் சுண்ணாம்புத்தூள் போட்டிருந்த ஹாலின் அளவையும் அங்கேயே மாற்றினார்கள்.

"கயிறு கட்டுறப்ப மாத்தினா காசு இல்ல. கம்பி கட்டின பிறகு மாத்தினா கண்ணீர்தான்" என்றார் மேஸ்திரி. அமெரிக்க ஆர்க்கிடெக்ட் பேட்ரிக் மக்லீமி இதையே 2004இல் ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். வேலை முன்னேற முன்னேற, மாற்றும் வாய்ப்பு குறைகிறது, மாற்றுவதற்கான செலவு ஏறுகிறது. எனவே உழைப்பை முன்கட்டத்தில் கொட்டுங்கள் என்பது அவர் வாதம். நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முன்கட்ட உழைப்பு, மேஸ்திரியும் வீட்டம்மாவும் டிராஃப்ட்ஸ்மேனும் வாய் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். வெயிலையும் காற்றையும் கணினியிடம் கேட்கலாம். கிரைண்டரைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. முதல் சந்திப்பிலேயே 3டி படம் கேட்காதீர்கள். ஜூனில் வெயில் எங்கே விழும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும், வயதானவர் எப்படி உள்ளே வருவார் என்று கேளுங்கள். கிறுக்கலான பிளானில் நீங்களும் பென்சில் வையுங்கள். அஸ்திவாரத்துக்கு முன்னால் மேஸ்திரியையும் டிராஃப்ட்ஸ்மேனையும் ஒரே மேஜையில் உட்காரச் சொல்லுங்கள். அந்தச் சில வாரங்களின் யோசனைக்கு உரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். அது இலவசமாகக் கிடைக்கிற இடத்தில் படம் மட்டும்தான் கிடைக்கும்.