தாய் எங்க தம்பி?

2025 ஒக்டோபரில் ஸ்காபரோவில், மார்க்கம் வீதியும் எக்லின்டனும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்ட் பார்க்கப் போனேன். ஆறு வயது மகள் என் கையைப் பிடித்தபடி நின்றாள். கதவைத் திறந்த அக்கா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார், பிறகு என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு ஒருவரும் இல்லை.

"தாய் எங்க தம்பி?"

"நானும் மகளும்தான் அக்கா."

"அப்ப சமையல்?"

புட்டு அவிப்பேன், மீன்குழம்பு வைப்பேன் என்றேன். வாடகைக்கு வீடு கேட்கப் போன இடத்தில் ஒருவன் தன் சமையலுக்குச் சாட்சி சொல்ல வேண்டிவருவதை அன்றுதான் கண்டேன். "பெம்பிளைப் பிள்ளை, தனிய ஒரு ஆம்பிளையோட..." என்று இழுத்தவர் முடிக்கவில்லை. இரவு போன் வந்தது: வேறு ஆக்களுக்குக் கொடுத்தாச்சாம். அடுத்த மாதம் தமிழ்க் கடைக்குப் போனபோது கண்ணாடியில் அதே விளம்பரம். கீழே கத்தரித்துவிட்டிருந்த தொலைபேசித் துண்டுகளில் ஒன்றுதான் குறைந்திருந்தது. அது என் சட்டைப்பையில் கிடந்தது.

ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டம் இதைத் தடுக்கிறது. பிள்ளையோடு இருப்பவர், அரச உதவிப் பணம் எடுப்பவர் என்ற காரணங்களுக்காக வீடு மறுக்கக் கூடாது. ஆனால் வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பங்குபோட வேண்டிய இடமென்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நம்மவர் வீடுகளில் வாடகைக்கு விடும் அறைகள் பல அந்த வகைதான்; மலிவாகக் கிடைப்பதும் அவைதான். அப்படியில்லாத இடத்திலும், வேலையில்லாத ஒருவன் ஒரு பேஸ்மென்டுக்காக வழக்குப் போடுவானா?

வேலை போனது இரவு வேலையால். மனைவி பிரிந்து வேறு நகரத்துக்குப் போனபின், இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையை யாரிடம் விடுவது? இரண்டு மாதம் ஒரு மாமி பார்த்தார். அவருக்கும் முழங்கால் வருத்தம்.

பிறகு வெல்பெயர். ஒன்ராறியோ வேர்க்ஸ் என்பது அதன் இப்போதைய பெயர். நம்மவர் வாயில் இன்னும் வெல்பெயர்தான். பெற்றோரில் ஒருவரும் ஒரு பிள்ளையும் என்றால் மாதத்துக்கு உச்சமாக 1,002 டொலர்: வீட்டுக்கு 642, மற்றதெல்லாவற்றுக்கும் 360. 2018க்குப் பிறகு இந்தத் தொகை ஏறவில்லை. நான் பார்த்த பேஸ்மென்டுகளின் வாடகையோ 1,500. முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து முன்கூட்டியே கேட்பார்கள். அது சட்டப்படி சரி. அதற்கு மேல், ஏதும் உடைந்தால் கழிக்க என்று தனியாகக் காசு கேட்டால் அது சரியல்ல. என்னிடம் ஒருவர் கேட்டார்; கொடுக்க என்னிடம் இருக்கவில்லை என்பதால் தப்பினேன்.

இந்தக் கணக்கைச் சமாளிக்க வைப்பது கனடா பிள்ளைநலப் பணம். 2025 ஜூலையில் தொடங்கிய ஆண்டுக்கு, ஆறு வயது தொடக்கம் பதினேழு வரையான பிள்ளைக்கு உச்சம் 6,748 டொலர், அதாவது மாதம் 562. வெல்பெயரில் இதைக் கழிப்பதுமில்லை. ஆனால் அந்தப் பணம் எனக்கு வரவில்லை. தாயின் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு வரிக்கணக்கு எழுதித் தந்த நம்மவர் ஒருவர், "அது அம்மாமாருக்கு வாற காசு தம்பி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நானும் நம்பி நாலு மாதத்தை விட்டேன்.

அவர் சொன்னதில் அரைவாசி உண்மை. பிள்ளையோடு ஒரே வீட்டில் தாயும் இருந்தால், பராமரிப்பவர் தாயே என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. தகப்பன் விண்ணப்பிக்கத் தாயின் கையெழுத்து வேண்டும். தாய் அங்கே இல்லையென்றால் தகப்பன் தானே விண்ணப்பிக்கலாம். உறவு முறிந்து 90 நாள் பிரிந்திருந்தால் வரிக்கணக்கில் பிரிந்தவர் என்று பதியலாம். பிள்ளை உங்களோடுதான் வாழ்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். பள்ளிக்கூடக் கடிதம் கேட்கப் போனேன். காரியதரிசி மகளின் கோப்பைத் திறந்து, அவசரத்துக்கு அழைக்கும் இடத்தில் முதலாவதாக இருந்த தாயின் பெயரை வெட்டி என் பெயரை எழுதினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மாதம் முழுவதும் "தாய் எங்க" என்று கேட்காத முதல் ஆள் அவர்தான். குடும்ப வைத்தியரும் ஒரு கடிதம் தந்தார். பணம் வந்தது.

அரச மானிய வீட்டுக்கும் பதிந்திருக்கிறேன். பொதுவாகக் குடும்ப வருமானத்தில் 30 சதவீதம் வாடகை. ரொறன்ரோவில் குடும்ப வீட்டுக்குக் காத்திருப்பு பத்து வருடத்துக்கு மேல். வருடாவருடம் விண்ணப்பத்தைப் புதுப்பிக்காவிட்டால் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். மகளுக்கு வீடு கிடைக்கும்போது அவள் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருப்பாள்.

கடைசியில் பேஸ்மென்ட் தந்தவர் ஒரு கயானாக்காரர். தலைவாசலில் நின்று, "சிகரெட் குடிப்பாயா?" என்று மட்டும் கேட்டார். நம்மவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை என்று சொல்ல ஆசை. ஆனால் அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

என்னைப் போல யாராவது இதை வாசித்தால்: 211ஐ அழையுங்கள், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். ஏப்ரல் 30க்கு முன் வரியைப் பதிந்துவிடுங்கள், வருமானம் பூச்சியமாக இருந்தாலும். பதியாவிட்டால் பிள்ளைக்காசு நின்றுபோகும். வருமானம் குறைந்தவர்களுக்கு அதை இலவசமாகச் செய்துதரும் தொண்டர்கள் இருக்கிறார்கள். 211இல் அதையும் சொல்வார்கள்.