பாஸ் ஆன பைக்

உங்க ஹாஸ்டல் பார்க்கிங்லயும் அப்படி ஒரு பைக் இருக்கும். ஸ்டார்ட் பண்ணா மூணாவது மாடி வரைக்கும் கேட்கும். போன வருஷம் அது என்னோடது.

2009 மாடல், கார்புரேட்டர் வண்டி. ஏர்பாக்ஸைக் கழட்டி கோன் ஃபில்டர், சைலன்ஸருக்குப் பதிலா ஃப்ரீ ஃப்ளோ. காத்து அதிகமா போகுதுன்னு மெயின் ஜெட், பைலட் ஜெட் ரெண்டையும் பெருசாக்கினேன். சவுண்டு பிரமாதம்! ஆனா புகை டெஸ்ட்ல ஃபெயில். ஐடில்ல கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. என் வண்டி 5-ஐத் தாண்டிடுச்சு. மெக்கானிக் அண்ணன் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகினார். பாஸ்.

அன்னைக்கு சாயங்காலம் அப்பா மொபெட்ல என் பின்னாடியே வந்தார். வீட்டு வாசல்ல இறங்கினதும், "உன் பின்னாடி வர முடியலடா, கண்ணு எரியுது"ன்னார். நான் சர்டிஃபிகேட்டை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவே இல்ல, முகம் கழுவப் போயிட்டார்.

அப்பதான் உறைச்சது. அந்த மெஷின் பார்த்தது நிக்கிற வண்டியை. ஸ்க்ரூ சரிபண்ணினதும் ஐடிலை மட்டும்தான். முறுக்கி ஓட்டும்போது பெட்ரோலை அளக்கிறது மெயின் ஜெட். அதை நாங்க தொடவே இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை பழைய பாகம் எல்லாத்தையும் திரும்ப மாட்டிட்டேன். உங்க வண்டி பாஸா ஃபெயிலான்னு தெரியணுமா? பின்னாடி வர்றவங்களையும் ஒரு தடவை கேளுங்க.