நாம் எழுதிக் கொடுத்த ஒரு வரி

ஆசிரியத் தொழிலில் நாம் எழுதும் எழுத்துகளுக்குக் கணக்கில்லை. வரவு இடாப்பு, புள்ளிப் பட்டியல், தேர்ச்சி அறிக்கை என நாள்தோறும் எழுதுகின்றோம். எழுதியதை மறந்தும் விடுகின்றோம். ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் நாம் எழுதிக் கொடுத்த ஒரு வரியை மட்டும் இன்றளவும் மறக்க இயலவில்லை.

எமது வகுப்பிலே பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுடைய பெற்றோர் பிரிந்து வாழ்ந்தனர். தாய் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளி. விடியுமுன் பஸ் ஏறுபவர். தந்தை பட்டினத்தில் கடை வைத்திருந்தார். சிறுவன் தாயோடு இருந்தான். ஞாயிறுதோறும் தந்தையின் வீட்டுக்குச் சென்று பின்னேரம் திரும்புவான். சனி இரவும் பிள்ளை தம்மோடு தங்க வேண்டுமென்று தந்தை நீதிமன்றத்தைக் கேட்டார், தாய் மறுத்தார். பிள்ளையின் நலன் குறித்து விசாரித்து அறிக்கை தரும்படி நீதிமன்றம் பணித்தது.

அறிக்கைக்காகப் பாடசாலைக்கு வந்த உத்தியோகத்தர் நல்லவர். ஆயினும், அன்று அவர் சென்று முடிக்க வேண்டிய இடங்கள் இன்னும் மூன்று இருந்தன. அதிபரின் அறையிலே இருபது நிமிடம் இருந்தார். சிறுவனை அழைத்து, அப்பாவோடு தங்க விருப்பமா என்று அன்பாகவே கேட்டார். அவன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். பின்பு அவனுடைய படிப்பைப் பற்றி எம்மிடம் வினவினார். நாம் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தோம்: "திங்கட்கிழமைகளில் வீட்டுப்பாடம் செய்து வருவதில்லை, வகுப்பிலே சோர்ந்திருக்கின்றான்."

அதில் பொய் எதுவுமில்லை. ஆனால், அந்த வரி நீதிமன்றத்தில் இரண்டு ஆயுதங்களாயிற்று. தாய் பிள்ளையைக் கவனிப்பதில்லை என்பதற்கு அதுவே சான்று என்றார் ஒரு சட்டத்தரணி. தந்தை வீட்டுக்குப் போய்வருவதாலேயே பிள்ளை குழம்புகின்றான் என்பதற்கும் அதுவே சான்று என்றார் மற்றவர்.

ஒருநாள் அந்தத் தாய் பாடசாலை வாயிலில் வந்து நின்றார். "நான் விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டு இரவு ஏழு மணிக்கு வீட்டை வாறன். பிள்ளையைப் பாக்கேல்லையெண்டு நீங்களும் எழுதிப் போட்டியளே" என்றார். எமக்கு மறுமொழி வரவில்லை.

முன்னரே செய்திருக்க வேண்டியதை அதன் பிறகே செய்தோம். நூலகத்துக்குப் புத்தகங்கள் சுமக்கும் சாக்கில் சிறுவனை உடன் அழைத்துச் சென்றோம். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்தில் அவனாகவே சொன்னான்: "அப்பா வீட்டிலை சந்தோஷமா இருந்திட்டு வந்தா அம்மாவின்ரை முகம் வாடிப்போகும். அதாலை வந்த உடனை படுத்திடுவன்." தன் மகிழ்ச்சியைத் தாய் காணாதிருக்கவே அந்தப் பிள்ளை புத்தகத்தைத் திறவாமல் படுத்தான். திங்கட்கிழமைச் சோர்வின் பொருள் இதுவே. அவனுடைய சம்மதம் பெற்று உத்தியோகத்தருக்கு இதை அறிவித்தோம். ஆனால், அறிக்கை ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டிருந்தது. மேலதிக அறிக்கை சென்று சேருமுன் வழக்கு இரண்டு தவணைகளைக் கடந்துவிட்டது.

எமது நாட்டின் பொதுச்சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய நிலைப்படி, மணவாழ்வு நிலைத்திருக்கும் வரை பிள்ளையின் பொறுப்பில் தந்தைக்கே முன்னுரிமை. பிள்ளையின் நலனே முதன்மையானது என்னும் கொள்கைக்கு நீதிமன்றங்கள் படிப்படியாகவே வந்து சேர்ந்தன. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பிரிந்து வாழும் பெற்றோர் இருவருடனும் தொடர்பு கொண்டிருப்பது, தன் நலனுக்குக் கேடில்லாதவிடத்து, பிள்ளையின் உரிமை என்கிறது அதன் 9ஆம் உறுப்புரை. பிள்ளை தன் கருத்தைச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது மதிக்கப்படவும் வேண்டும் என்கிறது 12ஆம் உறுப்புரை. தாயா, தந்தையா என்று தீர்ப்புக் கூறும் சுமையை அது பிள்ளையின் தலையில் ஏற்றவில்லை. நாமோ பிள்ளையின் உரிமையைப் பெற்றோரின் வழக்குப் பொருளாக்கி, அவனையே சாட்சியாகவும் நிறுத்துகின்றோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு பார்க்கச் செல்பவரின் கண்ணுக்குக் கல்வீடும் தனியறையும் மேசையும் எளிதில் தென்படும். வறியவரின் வீட்டிலே இல்லாமை என்பது கவனக்குறைவாகத் தோன்றிவிடும். ஒரு தாயைப் பதினான்கு மணிநேரம் பிள்ளையிடமிருந்து பிரித்து வைக்கும் தொழிற்சாலையின் மீது எந்த அறிக்கையும் குற்றஞ் சாட்டுவதில்லை. அடுப்படியில் கழுவாமற் கிடக்கும் பாத்திரமே குறிப்பில் ஏறுகின்றது. உழைப்பவர் வீட்டுப் பிள்ளையின் நலனை அளக்கப் புகுவோர், அவ்வுழைப்பின் நிலைமைகளையும் அளந்தாக வேண்டும்.

விசாரிக்கும் உத்தியோகத்தர்கள் போதிய அளவில் நியமிக்கப்பட வேண்டும். பிள்ளையைப் பலமுறை சந்திக்க அவர்களுக்கு நேரமும் தகுந்த இடமும் வேண்டும். இவற்றைக் கோருவது எமது கடமை. அவை கிடைக்கும் வரை, எம் கையில் உள்ளதையேனும் சரிவரச் செய்வோம். ஒரு பிள்ளையைப் பற்றி எழுதுமாறு எம்மைக் கேட்டால், கண்டதை எழுதுமுன் அதன் காரணத்தை அறிய முயல்வோம். அறியாதவிடத்து, அறியோம் என்றே எழுதுவோம். அன்று அந்த வரியின் கீழ் அவ்வொரு சொல்லை நாம் சேர்த்திருந்தால், அதை எடுத்து வீசுவது எவர்க்கும் அத்துணை எளிதாய் இருந்திராது.