காரணம் யார் மேல்?

திருக்கடையூரிலிருந்து தெற்கே தரங்கம்பாடியைக் கடந்து சென்றால் காரைக்கால். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அவ்வூரே நம் அன்னை பிறந்த ஊர். 1962 ஆகஸ்ட் 16-ல் இணைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, அங்குப் பிறந்தோர் ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள வழியிருந்தது. நம் தாய்மாமன் அவ்வாறே தேர்ந்து பிரான்சுக்குச் சென்றார். அவருடைய மகன் தமிழ் பேசுவான், படிக்க அறியான். ஆகவே நாம் கற்ற சிறிதளவு பிரெஞ்சிலேயே அவனுக்கு மடல் எழுதி வருகிறோம்.

பாட்டனார் இரு குடும்பத்திற்கும் பொதுவாக விட்டுச்சென்ற ஓட்டு வீடு ஒன்று இங்கே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், "நீ வராததால் வீட்டை விற்க எண்ணுகிறோம்" என்று அவனுக்கு எழுதினோம். "நான் வரமாட்டேன் என்று முடிவு செய்தது யார்?" என்று மனம் நொந்து மறுமொழி அனுப்பினான். நாம் திகைத்தோம்.

பிழை ஒரு சிறு சொல்லில் இருந்தது. தமிழில் ‘ஆல்’ என்னும் உருபு எக்காரணத்தையும் தாங்கும். பிரெஞ்சிலோ காரணத்திற்கேற்பச் சொல் மாறும். ‘பூர்க்வா’, அதாவது ‘ஏன்’ என்று கேட்டால், விடை ‘பார்ஸ்கெ’ என்றே தொடங்கும். கேட்பவர் அறியாத காரணத்தை அது அறிவிக்கும். ‘கொம்’ பெரும்பாலும் வாக்கியத்தின் முதலில் நின்று, நம் தமிழைப்போலக் காரணத்தை முன்னே வைக்கும். ‘கார்’ முன்சொன்ன கூற்றுக்கு விளக்கம் தரும். ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடையாகத் தனித்து வராது. மலைப்பொழிவின் பேறுகளைப் பிரெஞ்சு விவிலியத்தில் வாசிப்போர், பேற்றையும் வாக்குறுதியையும் ‘கார்’ இணைப்பதைக் காண்பர். நம் விவிலியத்தில் அவ்விடத்தில் ‘ஏனெனில்’ நிற்கிறது.

நான்காவது சொல் ‘புய்ஸ்க்’. ‘இது உனக்கே தெரிந்ததுதானே, மறுக்க இயலாதே’ என்னும் குறிப்பு அதில் உண்டு. "நீதான் வரப்போவதில்லையே" என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்தத் ‘தான்’, அந்த ஏகாரம், இரண்டும் சேர்ந்த சொல் அது. நாம் எழுதியது அதைத்தான்.

இலக்கணப் பிழை என்று கூறித் தப்பியிருக்கலாம். ஆனால் நம் மனச்சான்று இசையவில்லை. வீட்டை விற்க நினைத்ததன் உண்மைக் காரணம் அவன் வராமை அன்று. கூரை ஒழுகியது, ஓடு மாற்ற நம்மிடம் பணமில்லை. அதைச் சொல்ல நாணி, காரணத்தை அவன்மேல் வைத்தோம். ஏதேன் தோட்டத்தில் ஆதாம் ஏவாளைச் சுட்டினான். ஏவாள் பாம்பைச் சுட்டினாள். நாம் கடல்கடந்த மைத்துனனைச் சுட்டினோம்.

மறுமடலில் ‘பார்ஸ்கெ’ இட்டு, உள்ளதை உள்ளபடி எழுதி மன்னிப்பும் கேட்டோம். ஓடு மாற்றும் செலவில் பாதியை அவன் ஏற்றுக்கொண்டான். வீடு இன்றும் நம்முடையதே.

அன்பர்களே, கணவன் மனைவியரிடையிலும், பெற்றோர் பிள்ளைகளிடையிலும், "உன்னால்தான்" என்று வாய் திறக்குமுன் ஒரு கணம் நிற்போம். அக்காரணம் பிறரிடம் உள்ளதா, நம்மிடமே உள்ளதா என்று இறைவன் திருமுன் ஆய்ந்து பார்ப்போம்.